வாசலுக்கு வெளியே நின்ற தாய்: குழந்தைகள் மருத்துவமனை உருவான வரலாறு

1843-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவமனைகளில் படுத்திருந்த நோயாளிகளை எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 2,363 பேர். அவர்களில் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் 26 பேர்தான். அந்தக் காலத்தில் அந்த நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 50,000 பேர் இறந்தார்கள். அதில் 21,000 பேர் பத்து வயதைத் தொடாதவர்கள். சாவுக் கணக்கில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குழந்தைகள், கட்டில் கணக்கில் நூற்றுக்கு ஒன்று.

குழந்தைகள் மேல் அக்கறை இல்லாததால் இப்படி நடந்தது என்று சொல்லிவிட முடியாது. மருத்துவமனைக் கட்டிலில் குழந்தையைத் தனியே போடுவது நல்லதா என்ற கேள்விக்கு அன்றைய நல்ல மருத்துவர்கள் பலரும் ‘கூடாது’ என்றே பதில் சொன்னார்கள். அந்தப் பதிலில் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி என்று தெளிய இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

‘கூடாது’ என்றவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங். 1769-இல் லண்டனின் ரெட் லயன் சதுக்கத்தில் ஏழைக் குழந்தைகளுக்காக இலவச மருந்தகம் திறந்தவர். படுக்கை கிடையாது, தாய் குழந்தையைத் தூக்கி வருவாள், அவர் பார்த்து மருந்து கொடுத்து அனுப்புவார். பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 35,000 குழந்தைகளைப் பார்த்ததாகக் கணக்கு. படுக்கை வசதி செய்யுங்கள் என்று கேட்டவர்களிடம் அவர் மூன்று காரணம் சொன்னார். நோயுற்ற குழந்தையைப் பெற்றவளிடமிருந்து பிரித்தால் அந்தக் கணமே அதன் நெஞ்சு உடைந்துவிடும். தாயையும் சேர்த்துக்கொண்டால் வார்டு பெரியவர்களால் நிறைந்து காற்று கெட்டுவிடும். போதாக்குறைக்குத் தாய்மாருக்கும் சம்பள நர்ஸ்களுக்கும் ஓயாமல் சண்டை வரும். பிற்காலத்தில் உலகமெங்கும் குழந்தைகள் வார்டுகள் சந்தித்த மூன்று சிக்கல்களும் இந்த ஒரே வாதத்தில் வந்துவிட்டன.

பாரிஸ் காட்டிய வழி

பிரான்ஸ் வேறு வழியில் போனது. அங்கே பெரிய மருத்துவமனைகளில் ஒரே கட்டிலில் பெரியவர்களும் குழந்தைகளும் கலந்து கிடந்தார்கள். அதை மாற்ற 1802-இல் பாரிஸின் செவ்ர் தெருவில் பழைய அநாதை இல்லக் கட்டடத்தில் நோயுற்ற குழந்தைகளுக்கென்றே தனி மருத்துவமனை தொடங்கினார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் மட்டும். இன்று நாம் குழந்தைகள் மருத்துவமனை என்று சொல்லும் அமைப்புக்கு அதுதான் மூத்தது. அதன் பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க், வியன்னா என்று வரிசையாக வந்தன.

பாரிஸில் குழந்தை மருத்துவம் ஒரு துறையாகவே வளர்ந்தது. கூடவே ஒரு பயங்கரமும் வளர்ந்தது. கால் முறிந்து வந்த குழந்தை, கால் கூடும் முன் தட்டம்மையில் இறந்தது. இது ஏன் நடந்தது என்று புரிந்துகொண்டால்தான் பிறகு வந்த விதிகளின் கடுமை புரியும். தட்டம்மைக் கிருமி உடலில் புகுந்து தோலில் தடிப்பு தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே அந்தக் குழந்தை மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடும். அந்த நான்கு நாளில் வெறும் சளி, லேசான காய்ச்சல், கண் சிவப்பு, அவ்வளவுதான். வாசலில் எவ்வளவு கவனமாகப் பார்த்துச் சேர்த்தாலும் இந்தக் குழந்தை நழுவி உள்ளே வந்துவிடும். கக்குவான் இருமலும் இப்படித்தான். ‘கூவும்’ இருமல் வருவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரம் சாதாரண ஜலதோஷம் போலவே இருக்கும், பரவுவதோ அப்போதுதான் அதிகம். முப்பது குழந்தைகளை ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்க வைத்தால் அது மருத்துவமனையாக மட்டும் இருக்காது, தொற்றுநோய்ச் சந்தையாகவும் ஆகிவிடும்.

அதே மருத்துவமனையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிரான்ஷே என்ற மருத்துவர் செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் கம்பி வலைத் தட்டி வைத்தார். வலை காற்றைத் தடுக்காதே என்று தோன்றும். தடுக்க வேண்டும் என்று அவரும் எண்ணவில்லை. அந்தத் தட்டியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் நர்ஸ் மேலங்கியை மாற்ற வேண்டும், வெளியே வரும்போது கை கழுவ வேண்டும். அதை நினைவூட்டவே வலை. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய் வார்டுக்குள் பரவுவது ஏறக்குறைய நின்றே போனது. தட்டம்மை மட்டும் வலையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எந்த நோய் கையால் போகிறது, எது காற்றில் போகிறது என்பதை ஒரு கம்பித் தட்டி பிரித்துக் காட்டிவிட்டது. இன்றைய தனிமை அறைகளின் விதிகள் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கின்றன.

1894-இல் தொண்டை அடைப்பானுக்கு மருந்தாகக் குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை எமில் ரூ என்ற மருத்துவர் சோதித்ததும் இங்கேதான். அதுவரை அந்த வார்டில் சேர்ந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் இறந்தார்கள். சீரம் கொடுத்த அந்த ஆண்டு, சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர்தான் இறந்தார்கள். குழந்தைகளை ஒரே இடத்தில் சேர்த்ததால் நோய் பரவியது உண்மை. அப்படிச் சேர்த்ததால்தான் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று சில மாதங்களில் சொல்ல முடிந்தது என்பதும் உண்மை.

பத்துக் கட்டில்

லண்டனில் இதைத் தொடங்கியவர் சார்லஸ் வெஸ்ட். ஜெர்மனியிலும் பாரிஸிலும் படித்தவர். குழந்தைகளைத் தனி மருத்துவமனையில் பார்ப்பதை அங்கே கண்ணால் கண்டவர். லண்டன் திரும்பி, வாட்டர்லூ சாலையில் இருந்த குழந்தைகள் மருந்தகத்தில் வேலை பார்த்தபடியே அதைப் படுக்கை வசதியுள்ள மருத்துவமனையாக்கப் பாடுபட்டார், நடக்கவில்லை. பிறகு பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து பணம் திரட்டி, கிரேட் ஆர்மண்ட் தெரு 49-ஆம் எண் வீட்டைப் பிடித்தார். நூறாண்டுக்கு முன் ரிச்சர்ட் மீட் என்ற புகழ்பெற்ற அரச மருத்துவர் வாழ்ந்த பெரிய வீடு அது. 1852 பிப்ரவரி 14 அன்று பத்துக் கட்டிலோடு திறந்தது.

வெஸ்ட் மூன்று நோக்கம் வைத்தார்: ஏழைக் குழந்தைகளுக்குச் சிகிச்சை, குழந்தை நோய்களைப் பற்றிய அறிவை வளர்ப்பது, குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸ்களுக்குப் பயிற்சி. மூன்றாவதுதான் அன்றைக்குப் புதுமை. படுக்கையில் சேர்க்க வயது வரம்பு இரண்டு முதல் பன்னிரண்டு. இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் புற நோயாளிகளாக மட்டும் பார்த்தார்கள். அதிகம் இறந்தது அந்த வயதினர்தான். ஆனால் பால்குடிக் குழந்தையைத் தாயில்லாமல் வார்டில் வைத்தால் பிழைக்காது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆம்ஸ்ட்ராங் சொன்னதற்கு மருத்துவமனை விதியிலேயே பாதி ஒப்புதல் கிடைத்துவிட்டது.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கும் தனிக் குழந்தைகள் மருத்துவமனை பிடிக்கவில்லை. பெண்கள் வார்டில் குழந்தைகளைக் கலந்து வைத்தால், பக்கத்துக் கட்டிலில் தேறி வரும் பெண்ணே அந்தக் குழந்தைக்கு நல்ல காவலாக இருப்பாள் என்பது அவர் கணிப்பு. குழந்தைக்குத் தேவை தனக்கென்று ஒரு ஆள் என்பதை அவர் சரியாகவே பார்த்தார்.

பணம் எப்படி வந்தது என்பது பலரும் எழுதிய கதை, சுருக்கமாகச் சொன்னால் போதும். 1858-இல் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு நிதி விருந்தில் பேசி £3,000-க்கும் மேல் திரட்டித் தந்தார். தன் கதையைப் பொது மேடையில் வாசித்தும் கொடுத்தார். பக்கத்து வீடான 48-ஆம் எண் அந்தப் பணத்தில் வந்து, 20 கட்டில் 75 ஆனது. 1929-இல் நாடகாசிரியர் ஜே. எம். பாரி ‘பீட்டர் பேன்’ என்ற தன் நாடகத்தின் உரிமையை மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். 1987-இல் காப்புரிமைக் காலம் முடிந்தபோது, பிரிட்டனில் அந்தப் படைப்புக்கான ராயல்டி மட்டும் மருத்துவமனைக்கு என்றென்றும் போய்ச் சேரும்படி 1988 காப்புரிமைச் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்தார்கள்.

தொடும் முன் பார்

வெஸ்ட் மாணவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகளில் குழந்தையை எப்படிச் சோதிப்பது என்று விரிவாகச் சொல்கிறார். அது இன்றும் அப்படியே பொருந்தும். பெரியவர் ‘இங்கே வலிக்கிறது’ என்பார். குழந்தை அழும், அவ்வளவே. அழத் தொடங்கினால் மூச்சின் வேகம், நாடி, வயிற்றின் இறுக்கம் எல்லாமே மாறிவிடும். ஆகவே அவர் வைத்த ஒழுங்கு இது: அவசரப்படாதே. குழந்தை தூங்கினால் எழுப்பாதே, தூக்கத்திலேயே மூச்சை எண்ணு, நாடியைப் பார். விழித்திருந்தால் முறைத்துப் பார்க்காதே, தாயிடம் பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் கவனி. வாய், தொண்டை சோதிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள், ஏனென்றால் அதற்கப்புறம் குழந்தை உன்னை எதற்கும் விடாது.

இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிமோனியா கண்டுபிடிக்கும் முறையும் இதன் நேர் வாரிசுதான். குழந்தை தாய் மடியில் அமைதியாக இருக்க வேண்டும். சட்டையைச் சற்று உயர்த்தி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்றால் அது வேக மூச்சு. பலரும் செய்யும் தவறு 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது. கைக்குழந்தை சீராக மூச்சு விடாது. சில விநாடி வேகமாக, சில விநாடி நிறுத்தி விடும். 15 விநாடியில் இரண்டு மூச்சு பிசகினால் கணக்கில் எட்டு பிசகும். 48-ம் 56-ம் வேறு வேறு முடிவு. இன்னொரு தவறு, தாயிடமிருந்து வாங்கி மேசையில் கிடத்தி எண்ணுவது. அழும் குழந்தையின் எண்ணிக்கை எதற்கும் உதவாது. குழந்தையைச் சோதிக்க நல்ல மேசை தாயின் மடிதான். அதை வார்டிலிருந்து அகற்றிவிட்டு மருத்துவம் பார்ப்பது எவ்வளவு கடினம் என்று இதிலிருந்தே தெரியும்.

ஞாயிறு இரண்டு முதல் நான்கு வரை

ஆனால் அகற்றினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிருமிக் கொள்கை நிலைபெற்றதும், வெளியிலிருந்து வரும் எவரும் கிருமி கொண்டு வருபவர் என்ற பார்வை வந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்களின் கையில் வார்டு ஒழுங்கானது. தாய் வந்தால் தின்பண்டம் கொண்டு வருவாள், விதி மீறுவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் கிளம்பும்போது குழந்தை கத்தி வார்டையே கலக்கும். தாய் வராத நாட்களில் குழந்தை ‘சமாதானமாக’ இருந்தது. அந்த அமைதியைப் பார்த்துவிட்டு, பார்க்க வராமல் இருப்பதே குழந்தைக்கு நல்லது என்று முடிவு கட்டினார்கள்.

1949-இல் லண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரங்களை ஒருவர் தொகுத்து வார இதழில் வெளியிட்டார். கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு இரண்டு முதல் நான்கு வரை. சேரிங் கிராஸில் ஞாயிறு மூன்று முதல் நான்கு. செயின்ட் தாமஸில் முதல் ஒரு மாதம் பார்க்கவே முடியாது. மாலை ஏழு முதல் எட்டு வரை, தூங்கும் குழந்தையைப் பெற்றோர் பார்த்துவிட்டுப் போகலாம். ‘லண்டன் மருத்துவமனை’ என்றே பெயர் கொண்ட மருத்துவமனையில் மூன்று வயதுக்குக் கீழே என்றால் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்க மட்டும் அனுமதி. இந்த விதிகளை எழுதியவர்கள் கொடியவர்கள் இல்லை. தட்டம்மை வார்டுக்குள் புகுந்து குழந்தைகளை வாரிக்கொண்டு போனதைக் கண்டவர்கள்.

அந்த ‘சமாதானம்’ உண்மையில் என்ன என்பதை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூக உளவியல் பணியாளர் 1948 முதல் வார்டுகளில் உட்கார்ந்து குறித்தார். முதலில் குழந்தை எதிர்த்து அழும். பிறகு அடங்கிப் போகும். சாப்பாட்டிலும் விளையாட்டிலும் நாட்டம் இல்லாமல் சோர்ந்து கிடக்கும். மூன்றாவதாக யார் தூக்கினாலும் போகும், சிரிக்கும், தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நர்ஸ்கள் ‘பழகிவிட்டது’ என்று சொன்னது இந்த மூன்றாவது கட்டத்தை. அவர் சொன்னதை மருத்துவர்கள் நம்பவில்லை. அதனால் 1952-இல் ஒரு சாதாரணக் கேமராவோடு, தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியை, ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்தில் படம் பிடித்தார். வேண்டுமென்றே சோகமான தருணங்களைத் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டது.

தாயை உள்ளே வைத்தால் வார்டு கெடும் என்ற அச்சத்துக்கு நடைமுறைப் பதில் அதற்கும் முன்பே இருந்தது. நியூகாசில் நகரத்தில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920-களிலேயே குழந்தைகள் மருத்துவமனையில் தாய்க்கும் அறை கொடுத்தார். நியூசிலாந்தில் பிக்கரில் தம்பதியர் பிளவுபட்ட உதட்டுக்கும் அண்ணத்துக்கும் அறுவை செய்த குழந்தைகளைத் தாய்களே கவனிக்கும்படி அமைத்தார்கள். அவர்கள் காரணம் பாசம் மட்டுமில்லை, தொற்று. பத்துக் குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ் பால் புகட்டினால் ஒரு குழந்தையின் கிருமி அவள் கை வழியே பத்துப் பேருக்கும் போகும். தாய் தன் குழந்தையை மட்டும் தொடுவாள்.

1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பார்வை நேரக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு தாயைச் சேர்க்க வேண்டும், குழந்தைகளைப் பெரியவர்கள் வார்டில் வைக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை வந்துவிட்டதே தவிர மருத்துவமனைகள் உடனே அசையவில்லை. லண்டனின் பேட்டர்சீ பகுதித் தாய்மார் சிலர் 1961-இல் அமைப்பாகச் சேர்ந்து, மருத்துவமனை மருத்துவமனையாகக் கேட்டுப் போராடித்தான் கதவுகள் திறந்தன.

ஒரு டிரிப் செட்டின் கணக்கு

தாய் பக்கத்தில் இருப்பதால் என்ன பயன் என்பதற்கு உளவியல் வரை போக வேண்டியதில்லை, டிரிப் ஏறும் கட்டிலைப் பார்த்தாலே போதும். குழந்தைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு திரவம் தேவை என்பதற்கு 1957-இல் ஹாலிடே, சீகர் இருவரும் கொடுத்த கணக்கைத்தான் இன்றும் எல்லா வார்டிலும் போடுகிறார்கள்: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. 12 கிலோ குழந்தைக்கு 1,100 மி.லி.; மணிக்குச் சுமார் 46. குழந்தைகளுக்கான நுண்துளி டிரிப் செட்டில் 60 துளி சேர்ந்தால் 1 மி.லி. அதனால் நிமிடத்துக்கு எத்தனை துளியோ, மணிக்கு அத்தனை மி.லி. 46 துளி என்றால் 46 மி.லி. கணக்கே வேண்டாம்.

தவறு நடக்கும் இடம் இதுதான். பெரியவர்கள் செட்டில் 20 துளிக்கே 1 மி.லி. நுண்துளி செட் தீர்ந்துபோன இரவில் பெரியவர்கள் செட்டை மாட்டி, பழக்கத்தில் அதே 46 துளி வைத்தால் மணிக்கு 138 மி.லி. போகும், ஒரு நாள் திரவம் எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதற்காகத்தான் பாட்டிலுக்குக் கீழே அளவுக்கோடு போட்ட குழல் ஒன்றை மாட்டுவார்கள். அதில் 100 மி.லி. அளவுக்கே நிரப்பி மேல் கிளிப்பை மூடிவிட்டால், குழந்தை புரண்டு கீழ்க் கிளிப் தளர்ந்தாலும் குழலில் இருப்பதுதான் உள்ளே போகும், 500 மி.லி. பாட்டில் போகாது. மேல் கிளிப்பை மூட மறந்தால் குழல் இருந்தும் பயனில்லை.

எந்தத் திரவம் என்பதிலும் ஆபத்து உண்டு. உப்பு மிகக் குறைந்த சலைனைப் பல ஆண்டுகள் குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுத்தார்கள். நோயிலும் அறுவைக்குப் பிறகும் உடல் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்போது இந்தத் திரவம் ஏறினால் இரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும். பல குழந்தைகள் இதனால் இறந்த பிறகு, 2007-இல் பிரிட்டன் 0.18 சதவீத சலைனைப் பொதுக் குழந்தைகள் வார்டுகளிலிருந்தே எடுக்கச் சொன்னது. முதல் அறிகுறி வாந்தியும் தூக்கக் கலக்கமும்தான். சுற்று வரும் மருத்துவருக்கு அது தூங்கும் குழந்தையாகத் தெரியும். ‘இவன் இப்படித் தூங்குறவன் இல்லை, என்னமோ சரியில்லை’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கட்டிலோரத்தில் இருக்கும் அம்மா. அந்தச் சொல்லை நாடி, காய்ச்சல் போலவே ஒரு அளவீடாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

நம் ஊர் வழக்கம் இதில் வேறு. சென்னை எழும்பூர் பெண்கள் மருத்துவமனையில் டாக்டர் எஸ். டி. ஆச்சார் வளர்த்த குழந்தை மருத்துவத் துறை, 1968-இல் ஹால்ஸ் சாலையில் தனி மருத்துவமனையாக நிலைபெற்றது. அங்கேயும் சரி, மற்ற அரசு மருத்துவமனைகளிலும் சரி, குழந்தையோடு அம்மாவோ பாட்டியோ இருப்பதை யாரும் கேள்வி கேட்டதில்லை. துடைப்பது, பால் கொடுப்பது, டிரிப் முடிந்தால் ‘சிஸ்டர், பாட்டில் காலி’ என்று ஓடிப்போய்ச் சொல்வது எல்லாம் அவள் வேலை. நமக்கு இருந்த குறை அவளுக்குப் படுக்க இடம், குளிக்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு இவற்றைத் திட்டத்திலேயே சேர்க்காதது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாமும் தாயை வெளியே நிறுத்தினோம்: பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு. காரணம் அதே பழைய காரணம், தொற்று. குறைமாதக் குழந்தையைச் சூடாக வைக்கும் இங்குபேட்டர் பெட்டி வந்த காலத்திலேயே பாரிஸில் பியர் பூதான் என்ற மருத்துவர் இதைப் பற்றி எச்சரித்தார். பிரிக்கப்பட்ட தாய்க்குக் குழந்தை மேல் பிடிப்பே போய்விடுகிறது என்று எழுதினார். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இங்குபேட்டர் போதாமல் எட்கார் ரே என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைத்தார். கங்காரு முறை என்று இன்று நம் பிரசவ வார்டுகளிலும் சொல்வது அதைத்தான். ஆனால் குழந்தையின் நிலை சீரான பிறகுதான் செய்யலாம் என்பதே விதியாக இருந்தது. மிக ஆபத்தான முதல் சில நாட்கள் குழந்தை கண்ணாடிக்கு உள்ளேயும், தாய் பிரசவ வார்டிலும்.

அந்த விதியையும் ஒரு முறை சோதித்தார்கள். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள். 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை வரை 3,211 குழந்தைகள். ஒரு பிரிவில் வழக்கம் போல. இன்னொரு பிரிவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட்டு, பிறந்தவுடனேயே தோலோடு தோல், நாளுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். 2021-இல் முடிவு வெளிவந்தது. 28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான பிரிவில் 15.7 சதவீதம், தாயோடு இருந்த பிரிவில் 12.0. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இரத்தத்தில் தொற்று இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் தாயைப் பிரித்த பிரிவில் 27.8 சதவீதம், சேர்த்த பிரிவில் 22.9.

இதைச் செய்ய ஒரு பிரிவுக்கு வேண்டியவை: குழந்தையின் கருவிகளுக்குப் பக்கத்தில் சாயும் வசதியுள்ள தாய்க் கட்டில், குழந்தையை இறுகப் பிடிக்கும் துணிக் கட்டு, கை கழுவும் இடம், அதே தளத்தில் கழிப்பறை, பிரசவித்தவளுக்கு அங்கேயே மருத்துவம் பார்க்கும் ஆள், நேரத்துக்குச் சாப்பாடு, தாயால் முடியாத நேரத்தில் மாற்றாளாகப் பாட்டியோ அத்தையோ உட்கார அனுமதி.